சேதுபதியின் மாடியறையில் காதல்

பாம்பனில் கடல் கடந்து இராமேசுவரம் போன யாத்திரிகர்களுக்கு வழிக்காவல் தந்தவர்கள் என்ற பெருமை இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளுக்கு உண்டு. அந்தக் காவலர்கள் காதலை எப்படி வரையச் சொன்னார்கள் என்பதை இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தில் பார்க்கலாம். கிழவன் சேதுபதி காலத்துக் கட்டடம் அது. முத்து விஜயரகுநாத சேதுபதியின் ஆட்சியில், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சுவரெங்கும் ஓவியம் ஏறியது. கீழே தஞ்சை மராட்டியருடன் போர், மன்னரைக் காண வரும் ஐரோப்பியர். மாடியில் மன்னரும் பெண்களும். மாடிப் படங்களை அந்தப்புரக் களியாட்டம் என்று ஒதுக்குவது தவறு. கீழே நடப்பது போலவே மேலேயும் நடப்பது அரசாட்சிதான். அந்த ஓவியங்களின் வலிமையும் குறையும் அதிலிருந்தே வருகின்றன.

முகத்தில் உணர்ச்சியைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பெண்கள் எல்லாருக்கும் அதே நீண்ட கண், அதே கூர்மூக்கு. அன்பு இருப்பது கையிலும் உடலின் சாய்விலும். தோளைச் சுற்றிய கை, மன்னரை நோக்கி வளையும் இடுப்பு என்று கோடு இழையும் இடங்களில் ஓவியரின் தேர்ச்சி அசாத்தியமானது. ஒரே பாவனை திரும்பத் திரும்ப வருகிறதே என்று குறை சொல்வார்கள். ஆனால் அதே சேதுபதி மரபில் இரகுநாத சேதுபதியைப் பாட்டுடைத் தலைவராக்கிய அமிர்தகவிராயர், 'நாணிக்கண் புதைத்தல்' (தலைவி நாணத்தால் கண்களை மூடிக்கொள்வது) என்னும் ஒரே துறையில் 400 பாடல்கள் பாடி ஒருதுறைக்கோவை ஆக்கினார். ஒரே செய்கையை நுணுக்கி நுணுக்கிப் பார்ப்பது இந்த மண்ணின் கலைமுறை. அதை வறட்சி என்று சொல்ல நான் ஒப்பமாட்டேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. இங்கே அன்பு ஒரே திசையில், மன்னரை நோக்கி மட்டுமே பாய்கிறது. இதற்கு மாறான ஒன்றைப் பார்க்கலாம்: பிரான்சில் ஃபிராகொனார் 1767இல் வரைந்த ஊஞ்சல் ஓவியத்தை நிக்கோலா தெ லோனே 1782இல் செதுக்கி அச்சுப்படமாக்கினார். ஊஞ்சலாடும் பெண் செருப்பை உதறி வீசுகிறாள். புதரில் கிடக்கும் காதலன் அண்ணாந்து பார்க்கிறான். பின்னாலிருந்து ஊஞ்சலை இயக்குபவருக்கு அது தெரியாது. பெண்ணுக்கென்று ஒரு ரகசியம் இருக்கிறது. காசு கொடுத்து யாரும் வாங்கும் அச்சுப்படத்தையும் ஒரு மன்னரின் தனியறைச் சுவரையும் ஒப்பிடலாமா என்று கேட்டால், கேள்வி நியாயமே. அந்த அச்சுப்படமும் பார்ப்பவரை ஒளிந்து பார்ப்பவராக்குகிறது. அதன் அறம் உயர்ந்தது என்று நான் சொல்லவில்லை. மரபு இவ்வளவுக்குத்தான் இடம் தந்தது என்ற சமாதானத்தைத்தான் ஏற்க முடியவில்லை. அதே மாளிகைச் சுவரில் ஐரோப்பியருக்குத் தொப்பியும் சட்டையுமாகத் தனி அடையாளம் தர முடிந்திருக்கிறது. வந்துபோன அந்நியருக்குக் கிடைத்த அந்தக் கவனம் மன்னரின் தோளில் சாய்ந்த பெண்ணுக்குக் கிடைக்கவில்லை.

கலை வரலாற்றாளர் ஜெனிஃபர் ஹவ்ஸ் 2003இல் வெளியிட்ட நூலில் இந்த ஓவியங்களை அரண்மனையின் அமைப்போடு சேர்த்தே படிக்கிறார். அந்த வழியில் போனால், போர்க்களத்தில் பகைவர் பணிவதும் மாடியில் பெண்கள் சாய்வதும் ஒரே வாக்கியத்தின் இரு பாதிகள் என்பது விளங்கும். ஓவியர் அந்த வாக்கியத்தைக் கைகளின் நயத்தால் அழகாக்கினார். பதில் சொல்லும் இடத்தைப் பெண்ணுக்குத் தரவில்லை.