பிணை நிற்கும் குணம்

1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு மனிதர் திரும்பத் திரும்ப வருகிறார். அவர் அயல்வீட்டுத் தமிழர். சில எழுத்தில் அக்கா, சில எழுத்தில் மாஸ்டர். படலையடியில் நின்று அழுகிறார், பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டித் தருகிறார், வீட்டுத் திறப்பை வாங்கி வைக்கிறார். "நல்ல சனம், அவையளில பிழையில்லை" என்று சொல்லிவிட்டு எழுதுபவர் அடுத்த பந்திக்குப் போய்விடுகிறார்.

இந்த மனிதரை நான் நம்புகிறேன். அவரை எழுதியிருக்கும் விதந்தான் எனக்குப் போதவில்லை. நற்குணம் என்றால் இளகிய மனம் என்று இந்த எழுத்துகள் எடுத்துக்கொள்கின்றன. எங்கட இலக்கிய மரபு அதை அவ்வளவு மலிவாக வைக்கவில்லை.

உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் மானுக்குப் பிணைநின்ற படலத்தை எடுத்துக்கொள்வோம். வேடன் ஒருவன் பெண்மான் ஒன்றைப் பிடித்துக் கட்டி வைத்திருக்கிறான். குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று அது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிடுகிறது. காட்டுக்குள் போன மிருகம் திரும்பி வருமா என்று வேடன் கேட்கிறான். நியாயமான கேள்விதானே? அவனுடைய சாப்பாடு அது. நாயகம் அவனை இரக்கமில்லாதவன் என்று ஏசவில்லை. மானுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டு நடக்கவுமில்லை. மான் வராவிட்டால் நான் பொறுப்பு என்று பிணை நிற்கிறார்கள். கூட்டத்து மான்கள் தடுத்தும் அது குட்டியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகிறது. வேடன் இஸ்லாத்தைத் தழுவுகிறான்.

தமிழில் பிணை என்றால் பெண்மான், ஈடு நிற்பதும் பிணை. சொல் இப்படிப் பொருந்தியது புலவருக்கு வாய்த்த அதிர்ஷ்டம். ஆனால் படலத்தின் பலம் சொல்லில் இல்லை. இரக்கம் இங்கே ஒரு கடனாக மாறுகிறது, இரக்கப்பட்டவருக்கு இழக்க ஏதோ இருக்கிறது. இதை அற்புதக் கதையாக மட்டும் பாடசாலையில் படிப்பித்தால் இந்த இடம் தவறிப்போகும்.

இந்த அளவுகோலை 1990 மீது வைப்பது அநியாயம் என்று சொல்வார்கள். ஒஸ்மானியாக் கல்லூரி மைதானத்துக்கு எங்கட சனத்தைக் கூப்பிட்டுப் புலிகள் கொடுத்த தவணை இரண்டு மணித்தியாலம். முன்னால் நின்றது துவக்கு. ராஜினி திராணகம திருநெல்வேலியில் சுட்டுக் கொல்லப்பட்டு ஒரு வருஷந்தான் கடந்திருந்தது. அன்று வாய் திறக்காத அயலவரை நான் குற்றவாளி ஆக்கமாட்டேன். ஆனால் பயத்தை எழுதலாமே. அழுதார் என்று எழுதும் பேனை, அழுவதைத் தவிர வேறொன்றும் செய்ய ஏலாத நிலையில் அவருக்கு உள்ளே என்ன நடந்தது என்று ஏன் கேட்கவில்லை? கேட்டால் அவர் நல்லவர் என்ற சித்திரம் குலைந்துவிடும் என்ற கூச்சந்தான் காரணம் என்று நினைக்கிறேன். நன்றியுணர்வு விமர்சனத்தை ஊமையாக்குகிற இடம் இது.

அதே கூச்சம் புத்தளத்தைப் பற்றியும் உண்டு. வந்திறங்கியவர்களுக்குப் புத்தளத்து முஸ்லிம்கள் பள்ளிவாசல்களைத் திறந்தார்கள், சோறு போட்டார்கள், காணி தந்தார்கள். வருஷங்கள் போகப் போகப் பாடசாலை இடமும் தொழிலும் தண்ணியும் பங்குபோட வேண்டி வந்தபோது 'அகதி' என்ற சொல் ஏச்சாகவும் மாறியது. நல்ல குணம் களைத்துப்போவதற்கு இனமோ மார்க்கமோ தடையில்லை. அயலவரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் வலியுறுத்திய அளவைப் பார்த்து, அயலவரை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நாயகம் எண்ணியதாக வரும் ஹதீஸை நாம் மற்றவர்களுக்கே அதிகம் சொல்கிறோம்.

2009 க்குப் பிறகு சோனகத் தெருப் பக்கம் குடும்பங்கள் திரும்பி வந்தன. கூரையில்லாத வீடுகள், பற்றை மூடிய வளவுகள், தொலைந்த உறுதிகள். இப்போது துவக்கு இல்லை. "இந்த வளவு இவையின்ரதான், எல்லை இதுதான்" என்று ஓர் அயலவர் வாய்திறந்து சொல்வதற்கு இந்தக் காலத்தில் விலை குறைவு, பலன் பெரிது. பிணை நிற்க வாய்ப்பு வந்தது அப்போதுதான்.

திறப்பை வாங்கி வைத்த அந்த அக்காவின் கதை 1990 இல் முடிந்துவிடவில்லை. இருபது வருஷத்துக்குப் பிறகு படலையில் ஆள் வந்து நின்றபோது திறப்பு எங்கே இருந்தது? வேலி அரக்கப்பட்டிருந்தால் அவர் எந்தப் பக்கம் கதைத்தார்? அந்தக் கதையை நான் இன்னும் வாசிக்கவில்லை.