கிளப், மாட்டுப்பண்ணை, பயிற்சி முகாம்: ‘த வேர்ஜீனியன்’ நாவலின் வர்க்கப் பின்புலம்

ஓவன் விஸ்ரர் 1902இல் வெளியிட்ட ‘த வேர்ஜீனியன்’ என்னும் அமெரிக்க நாவலை நம்மிடையே படித்தோர் சிலரே. ஆயினும் அது நிலைநாட்டிய கௌபோயைத் திரையிற் காணாதார் அரியர். குறைவாகப் பேசி விரைவாகச் சுடும் அத்தனிமனிதன் புல்வெளியிற் பிறந்தவன் என்றே பொதுவாகக் கருதப்படுகிறது. அவன் செல்வர்தம் கிளப்பிற் பிறந்தவன் என்பதே எமது துணிபு.

விஸ்ரர் பிலடெல்பியாவின் உயர்குடியினர், ஹாவர்ட்டிற் பயின்றவர். உடல்நலங் குன்றிய அவர் மருத்துவ ஆலோசனையின்படி 1885இல் வயோமிங் சென்று, மேஜர் பிராங் வுல்கொட்டின் பண்ணையில் தங்கினார். கிழக்கின் செல்வர்வீட்டு இளைஞருக்கு மேற்கின் பண்ணை ஓய்வகமாகவும் ஆண்மைப் பயிற்சிக் களமாகவும் அமைந்த காலம் அது. அவரது நண்பர் தியடோர் றூஸ்வெல்ற் டகோட்டாவிற் பண்ணை நடத்தி, 1886-87 மாரியில் மந்தையின் பெரும்பகுதியை இழந்தார். 1887இல் நியூயோர்க்கில் ‘பூன் அன்ட் குரொக்கெற்’ என்னும் வேட்டைக் கிளப்பைத் தோற்றுவித்தார். மந்தை அழிந்தது, கிளப் நிலைத்தது.

வயோமிங் பண்ணை முதலாளிகளும் செயென் நகரிலே 1880இல் தமக்கென ஒரு கிளப் அமைத்திருந்தனர். மாடுவளர்ப்போர் சங்கத்தை நடத்தியோரும் இவ்வட்டத்தினரே. சிறு குடியேற்றவாசிகளை ‘மாட்டுத் திருடர்’ என முத்திரையிட்டு, ரெக்ஸஸிலிருந்து கூலித் துப்பாக்கிக்காரரை வரவழைத்து, 1892 ஏப்ரலில் ஜோன்சன் கவுண்டிமீது படையெடுத்தனர். நேற் சாம்பியன், நிக் றே ஆகிய இருவர் கொல்லப்பட்டனர். திரண்டெழுந்த மக்கள் முற்றுகையிட்டபோது, முதலாளிகளைக் காக்க அரசின் குதிரைப்படை வந்தது. எவரும் தண்டிக்கப்படவில்லை. படையெடுப்பின் தலைவர், விஸ்ரரை உபசரித்த அதே வுல்கொட்!

நாவலில் இச்சம்பவம் நேரடியாக இல்லை. அதற்கான நியாயம் உண்டு. மாட்டுத் திருட்டுக்காகத் தன் நண்பன் ஸ்ரீவைத் தூக்கிலிடுவதில் நாயகன் பங்குகொள்கிறான். மனங்கலங்கும் ஆசிரியை மொலிக்கு, நீதிமன்றம் செயலற்ற இடத்திற் குடிமக்களே தண்டனை வழங்குவது முறையெனப் பண்ணையுரிமையாளரான நீதிபதி ஹென்றி விளக்குகிறார். சாம்பியனும் றேயும் இக்‘குடிமக்களுள்’ அடங்குவரா என்ற வினா அங்கு எழுவதேயில்லை.

இதனினும் நுட்பமானது புகையிரதக் காட்சி. பண்ணையாட்கள் வேலைக்குத் திரும்பாது தங்கம் தேடிச்செல்ல எண்ணுகின்றனர். அவர்களை மேற்பார்வை செய்யும் நாயகன், தவளை வளர்ப்புப் பற்றிய புளுகுக்கதை ஒன்றினால் டிராம்பஸை நகைப்பிற்கிடமாக்கி, ஏனையோரைத் தன்பக்கம் இழுக்கிறான். காட்சி அருமையானது, நாமும் சிரிக்கிறோம். சிரிக்கும்போதே முதலாளியின் பக்கஞ் சேர்ந்துவிடுகிறோம். 1883இல் ரெக்ஸஸின் மெய்யான கௌபோய்கள் மாதம் 50 டொலர் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தனர். விஸ்ரரின் நாயகனோ முதலாளியின் பங்காளியாகி, நிலக்கரி நிலமும் பெறுகிறான்.

இந்நாவல் றூஸ்வெல்றுக்கே சமர்ப்பணமாயிற்று. அவர் 1898இல் கியூபப் போருக்கெனக் கல்லூரிக் கனவான்களையும் கௌபோய்களையும் ஒரே படையணியிற் சேர்த்தார். சன் அன்ரோனியோ முகாமில் அதற்குத் தலைமை தாங்கிய லெனாட் வூட், 1915இல் பிளாற்ஸ்பேர்க்கில் மற்றொரு முகாமை நடத்தினார். அங்கு கௌபோய்கள் தேவைப்படவில்லை. வணிகரும் வழக்கறிஞருமாக ஏறக்குறைய 1,200 பேர், தம் செலவிலேயே, ஒரு மாதமளவு துப்பாக்கி பழகினர். மாதக்கூலிக்கு மாடு மேய்த்தவன் அச்செலவை எங்ஙனம் தாங்கியிருப்பான்?