நம் கதைகளிற் பெயரில்லாதவன்

சில மாதங்களுக்கு முன் கிள்ளானில் நம் உறவினர் இல்லத் திருமணம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பந்தியில் இலை போட்டவர்களும், உண்டபின் எச்சிலிலை எடுத்தவர்களும் வங்காளதேசத்து இளைஞர்கள். சமையற் குத்தகைக்காரர் அழைத்து வந்தவர்கள். நம்மருகில் அமர்ந்திருந்த பெரியப்பா, எண்பதை எட்டியவர், அவர்களைக் கண்ணாற் காட்டி, "இவனுங்க எல்லாரையும் ஒரே கப்பல்ல ஏத்தி அனுப்பிடணும் தம்பி. நாடே கெட்டுப் போச்சு" என்றார்.

எதிர்வரிசையில் இருந்த ஆசிரியர் தலையசைத்தார். அவருக்கு அடுத்திருந்த நண்பர், இளமையில் நம்மோடு சேர்ந்து தோட்டந் தோட்டமாகச் சென்று சாதி ஒழிப்புப் பேசியவர், இன்னும் கடுமையாக ஒன்று சொன்னார். அதனை ஈண்டு எழுதக் கை வரவில்லை.

"பெரியப்பா, உங்கள் தகப்பனார் எந்தக் கப்பலில் வந்தார்?" என்று கேட்டோம். "ரஜுலாவில்!" என்று நிமிர்ந்து சொன்னார். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கு எத்தனை நாள், மேற்றளத்தில் எங்கே படுத்தார்கள், எதை உண்டார்கள் என்பதெல்லாம் தகப்பனார் வாயிலாகக் கேட்டதை அப்படியே ஒப்பித்தார். கேட்கச் சுவையாகவே இருந்தது. கப்பல் என்னும் சொல்லை ஐந்து நிமிடத்துக்குள் இரண்டு விதமாகச் சொன்னதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. இத்தனைக்கும் அவருடைய சட்டைப்பையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்நாட்டிலேயே பிறந்தும், பிறப்புப் பத்திரம் இல்லாத குறையால் நீல அட்டைக்கு அலைந்து ஓய்ந்தவர் அவர்.

வீடு திரும்பும் வழியெல்லாம் நமக்கு ஒரே கேள்வி. இம்மனிதர் கல்நெஞ்சர் அல்லர். தோட்டத்துப் பழங்கதைகளைப் படித்துக் கண்ணீர் விடுபவர். நம் எழுத்தாளர்களின் நூல்களைப் பணங்கொடுத்து வாங்குபவர். அது நம் சமூகத்தில் அரிதான குணம். அத்தகையவரிடம் நம் இலக்கியம் எந்த வேலையைச் செய்தது? எந்த வேலையைச் செய்யாமல் விட்டது?

2011ஆம் ஆண்டு நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அப்துல்லா உசேன் எழுதிய 'இண்டர்லோக்' என்னும் மலாய் நாவல் ஐந்தாம் படிவத்துக்குப் பாடநூலாக வைக்கப்பட்டது. 1971இல் நூலாக வந்த அதில், இங்கு வந்த இந்தியரைக் குறிக்க 'பறையர்' என்னும் சாதிப்பெயர் ஆளப்பட்டிருந்ததை எதிர்த்து நம்மவர் திரண்டெழுந்தனர். அவ்வாண்டின் இறுதியில் நூல் மீட்டுக்கொள்ளப்பட்டது. ஒரு சொல் ஒரு கூட்டத்தையே எவ்வாறு காயப்படுத்தும் என்பதை நாம் அன்று நாட்டுக்கே எடுத்துரைத்தோம். (அன்று எதிர்த்தவருட் சிலர், "நாங்கள் அந்தச் சாதியல்லோம்" என்று எதிர்த்ததையும் நம் காதாற் கேட்டோம். அஃது எதிர்ப்பன்று, இன்னொருவனைப் பார்த்துக் காறி உமிழ்ந்தது.)

ஆனால், அந்நாவலிடம் நாம் கற்கவேண்டிய ஒன்று இருந்தது. நான்கு பாகங்கள் கொண்ட அந்நூலில் ஒரு பாகம் முழுவதும் மணியம் என்னும் இந்தியக் குடியேறியைப் பற்றியது. அவனுக்கு ஒரு பெயர் உண்டு. கப்பல் உண்டு, ஊர் உண்டு, குடும்பம் உண்டு. அந்த ஆசிரியர் அவனைப் பிழையாகவே எழுதியிருக்கட்டும். தம் இனத்தைச் சேராத ஒரு கூலியின் வாழ்க்கையைத் தம் கதைக்குள் கொண்டுவர வேண்டும் என்று அவருக்குத் தோன்றிற்று. நாம் கேட்கிறோம்: நம் தமிழ்க் கதைகளில் எந்த வங்காளதேசத்தானுக்கு ஒரு பாகம் கிடைத்தது? ஒரு பாகம் வேண்டாம். ஒரு பெயர்?

சில ஆண்டுகளாக நம் இதழ்ச் சிறுகதைகளையும் தொலைக்காட்சி நாடகங்களையும் இந்தக் கண்கொண்டு பார்த்து வந்தோம். நாம் கண்ட அளவில் அவன் மூன்று வேடங்களில் வருகிறான். இரவில் வேலி தாண்டும் திருடன். தோட்டத்துப் பெண்ணை மயக்கிக் கூட்டிச் செல்பவன். அல்லது கொச்சைத் தமிழ் பேசிச் சிரிப்பு மூட்டும் கடைப்பையன். இம்மூன்றும் அற்ற இடத்தில் அவன் ஒரு கூட்டம்: பேருந்து நிலையத்தில் நெருக்கும் கூட்டம், வாடகை வீட்டில் நிறைந்த கூட்டம். எல்லா இடத்திலும் அவனுக்கு ஒரே பெயர், 'பங்ளா'.

இவ்வேடங்களை நாம் எங்கோ முன்பே பார்த்திருக்கிறோம் அல்லவா? திருடன், குடியன், பெண்களை வெறித்துப் பார்ப்பவன், பேச்சைக் கேட்டாலே சிரிப்பு வருகிறவன்: தோட்டத்துத் துரைமார்களின் மதுவறைப் பேச்சில் தமிழன் இப்படித்தான் இருந்தான். நம் பிள்ளைகளை மற்றவர் பள்ளியில் கேலி செய்ததும் இப்படித்தான். வேடத்தை நாம் கழற்றி வைத்தோம் என்று எண்ணியிருந்தோம். கழற்றியதை எறியாமல் அடுத்தவனுக்கு உடுத்திவிட்டோம்.

சொற்களும் அவ்வாறே பயணம் செய்கின்றன. கலிங்கத்திலிருந்து பிறந்ததாகக் கூறப்படும் 'கெலிங்' என்னும் சொல் பழைய மலாய் நூல்களில் வெறும் இனப்பெயர்தான். பின்னாளில் அது வசையாகியது, நாமும் அதனை வெறுத்தோம். பஞ்சாபிலிருந்து வந்த சீக்கியர், கல்கத்தாவிற் கப்பலேறிய காரணத்தால், மலாய் வழக்கில் 'பெங்காலி' ஆயினர். இலங்கையில் நம் மலையகத் தோட்டத் தமிழர் 'கள்ளத்தோணி' எனப்பட்டனர். அச்சொல் வாய்ச்சொல்லாக நிற்கவில்லை. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவராக்கியது. 1964இல் இரண்டு அரசுகள் உட்கார்ந்து, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று அவர்களைப் பங்கிட்டன.

பர்மாவிலே தமிழர், தெலுங்கர், வங்காளியர் அனைவருக்கும் 'கலா' என்பதே இழிபெயர். 1930இலும் 1938இலும் இரங்கூன் வீதிகளில் இந்தியர் வெட்டுண்டபோது எழுந்த கூச்சலில் இருந்தது அச்சொல். அதே சொல்லைத்தான் இன்று ரோகிங்கியா மக்களைப் பார்த்து அந்நாட்டிற் சொல்கிறார்கள். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த அம்மக்கள் கடலில் விழுந்து வருகின்றனர். 2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஏறத்தாழ இருநூறு பேரோடு லங்காவிக்கருகே வந்த ஒரு படகை, உணவு கொடுத்துக் கடலுக்கே திருப்பினர். நம் நண்பர்கள் அச்செய்தியைக் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் அனுப்பி மகிழ்ந்தனர். இரங்கூனிலிருந்து நடந்தே வந்து வழியிற் செத்த உறவினரைப் பற்றிப் பாட்டி சொன்ன கதையோடு வளர்ந்த ஒருவரும் அவர்களில் இருந்தார்.

இவ்விடத்தில் நம்மை ஒரு வாசகர் இடைமறிப்பார் என்பதை அறிவோம். "நீர் நகரத்தில் இருந்துகொண்டு எழுதுகிறீர். தோட்டத்தில் நாங்கள் இழந்ததை நீர் அறிவீரா?" என்பார். அறிவோம். அவர் கூற்றிலும் உண்மை இருக்கிறது. அதனை மறைத்து எழுதும் சீர்திருத்தம் நமக்கு வேண்டியதன்று.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. சில இடங்களிற் செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டமும் குழிப்பந்து மைதானமும் வந்தன. மூன்று தலைமுறை வாழ்ந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். கோயிலும் ஆயக்கொட்டகையும் தமிழ்ப்பள்ளியும் போயின. எஞ்சிய வேலைக்கு இந்தோனேசியரும் பின்னர் வங்காளதேசத்தாரும் குத்தகையில் வந்தனர். பெரட்டுக்களத்தில் நின்ற தமிழன், தனக்கு உயர்த்திக் கொடுக்க மறுத்த கூலியைவிடக் குறைவாக வாங்கிக்கொண்டு ஒருவன் வந்து நிற்பதைக் கண்டான். அவனுக்குக் கோபம் வந்தது. வராமல் எப்படி இருக்கும்?

கோபம் நியாயமானதே. அது யார்மேற் பாய்ந்தது என்பதே வழக்கு. கூலியை நிர்ணயித்தவன் களத்தில் நிற்கவில்லை. வந்து நின்றவன் நின்றான். ஆகவே அவன்மேற் பாய்ந்தது.

நம் பாட்டன்மார் காலத்தில் இதே நாடகம் வேறு நடிகர்களைக் கொண்டு நடந்தது. சீனத் தொழிலாளியைவிட மலிவாகக் கிடைப்பான், அடங்கியிருப்பான் என்பதற்காகவே தமிழனைத் துரைமார் விரும்பினர். 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் பல்லாயிரக்கணக்கான தமிழரைக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பினர். 1934இல் விலை தேறியதும் மறுபடியும் கப்பல் அனுப்பி வரவழைத்தனர். பெரியப்பா சொன்ன யோசனை புதியதன்று. நம்மிடமே பரீட்சித்துப் பார்க்கப்பட்டது.

கங்காணி தன் ஆட்கள் வேலைக்கிறங்கிய கணக்குக்குத் தலைக்காசு வாங்கினான். இன்றைய ஏஜெண்டோ ஆளிடமே முன்கூட்டிப் பணம் வாங்கிவிடுகிறான். நிலத்தை அடகு வைத்துப் பல்லாயிரம் ரிங்கிட் கடனோடு வந்து, கடப்பிதழை முதலாளியிடம் பறிகொடுத்து, சொன்ன வேலை இல்லாமல் நிற்பவனை நாம் எத்தனை முறை செய்தித்தாளிற் பார்த்துவிட்டோம்! துரையை அடையாளங் கண்ட நம் எழுத்தாளர்கள், கங்காணியை அடையாளங் கண்டு வசைபாடிய நம் எழுத்தாளர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் குளிரறையில் அமர்ந்து இதே தொழிலை நடத்துவதை ஏன் எழுதவில்லை? அவர்களுட் சிலர் தமிழர் என்பதனாலா?

1941ஆம் ஆண்டு இதே கிள்ளான் வட்டாரத்தில் நம் தோட்டத் தொழிலாளர் செய்த வேலைநிறுத்தத்தை இளைஞர்கள் படித்தறிய வேண்டும். ஆர். எச். நாதன் முன்னின்ற அப்போராட்டத்தில் அவர்கள் கேட்டவை: சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியையே தமிழனுக்கும் கொடு, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டதும் மிதிவண்டியை விட்டிறங்கச் சொல்லாதே. 'சீனனை வெளியேற்று' என்று அவர்கள் கேட்கவில்லை. சமகூலி கேட்டார்கள். அதற்குக் கிடைத்த விடை இராணுவமும் துப்பாக்கிச் சூடும்; நாதன் நாடு கடத்தப்பட்டார். கூலி உயர்வு கேட்ட தமிழன், அன்று சர்க்காருக்கு வேண்டாத அன்னியன்.

இன்றும் விடை அங்கேதான் இருக்கிறது என்பது நமது துணிபு. 2013இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் அயல்நாட்டுத் தொழிலாளிக்கும் பொருந்தும். அது ஏட்டில் நில்லாமல், வங்காளதேசத்தானுக்கும் பிடித்தமின்றிக் கொடுக்கப்படுமானால், அவனை மலிவு கருதிக் கொண்டுவரும் முதலாளிக்கு அம்மலிவு இராது. தமிழனின் கூலி உயர்வதும் அவன் கூலி உயர்வதும் ஒரே கணக்கு. தொழிற்சங்கத்தில் ஐந்தாண்டு இருந்தவருக்கு இது விளங்கும். பந்தியில் உட்கார்ந்திருப்பவருக்கு விளங்க வைக்க ஒரு கதை வேண்டும். நாம் எழுதாதது அதுவே.

சிங்கையின் நிலையும் சிறிது சொல்லவேண்டும். 2013 டிசம்பர் 8ஆம் நாள் இரவு சிராங்கூன் பகுதியிற் கலகம் மூண்டதற்கு முன், பேருந்தின் கீழ் அகப்பட்டு மாண்டவர் தமிழகத்துக் கட்டடத் தொழிலாளி. நம் மொழி பேசியவர். மறுநாட் காலை நம் சிங்கை நண்பர்கள் பலருடைய முதற்கவலை, "எங்களையும் அவர்களோடு சேர்த்து எண்ணிவிடுவார்களே" என்பதாயிருந்தது. ஆகவே, பிறமொழியான் என்பதால் வெறுக்கிறோம் என்று சொல்வதும் முழு உண்மையன்று. தமிழே பேசினாலும் அவன் 'இந்தியாக்காரன்'. 2020இல் கோவிட் நோய் தங்குவிடுதிகளிற் புகுந்து, ஐம்பதாயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தொற்றியபோதுதான், இவர்கள் ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதை நம்மிற் பலர் விசாரித்தோம். அவர்கள் கட்டிய வீட்டிலிருந்துகொண்டு விசாரித்தோம்.

ஆயினும் சிங்கையில் ஒரு நல்ல காரியம் நடந்தது. 2014 முதல் அங்கே அயல்நாட்டுத் தொழிலாளர்க்கெனக் கவிதைப் போட்டி நடத்தத் தொடங்கினர். பகலெல்லாம் சாரத்தில் நின்றவர்கள், இரவில் வங்காளியிலும் பிற மொழிகளிலும் எழுதினார்கள். முகுல் உசேன் என்னும் கட்டடத் தொழிலாளியின் கவிதைகள் 2016இல் ஆங்கிலத்தில் நூலாகவே வந்தன. அவனைப் பற்றி நாம் எழுதாவிட்டாலும் அவன் தானே எழுதிக்கொள்கிறான். அதைத் தமிழிற் பெயர்த்து நம் தோட்டத்து வாசகன் கையில் வைக்கும் பணியை நம் எழுத்தாளர் சங்கங்கள் மேற்கொள்ளலாம். ஆண்டுதோறும் பொன்னாடை போர்த்தும் செலவில் ஒரு பங்கு இதற்குப் போதும்.

பாரதியார் பீஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களுக்காகக் கலங்கினார்; புதுமைப்பித்தன் 'துன்பக்கேணி'யில் இலங்கைத் தோட்டத்துக்குப் போனவரின் பாட்டைச் சொன்னார். அவை நம்மவர் துயரம். நம்மவர் துயரத்துக்கு அழுவது எளிது என்று குறைத்துச் சொல்லவில்லை. அந்நாளில் அதற்கும் ஆள் இல்லை. எனினும், அங்கிருந்து ஓரடி எடுத்து வைக்க நமக்கு இத்தனை ஆண்டுகள் போதவில்லையே என்பதுதான் நம் குறை.

திருமணப் பந்திக்கு மீண்டும் வருவோம். பெரியப்பாவின் குவளை காலியாயிருந்ததைக் கண்டு அந்த இளைஞருள் ஒருவன் அருகில் வந்து, "ஐயா, தண்ணி போடவா?" என்றான். தமிழ்தான். இரண்டாண்டாகத் தமிழர் சமையற்கூடத்தில் வேலை செய்கிறானாம். பெரியப்பா திடுக்கிட்டார். அவன் பேசியதனைத்தையும் கேட்டிருப்பானோ என்று நம் முகத்தைப் பார்த்தார். பின்பு, என்ன நினைத்தாரோ, "உன் பேர் என்னப்பா?" என்று கேட்டார்.

அவன் சொன்னான். நாதசுர ஒலியிற் சரியாகக் கேட்கவில்லை. பெரியப்பா காதருகே கையை வைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.