பரம்பின் பழைய படங்கள்

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பாதயாத்திரை போகிறவர்கள், கருங்குளத்தை அடுத்து ஒரு சரளை மேட்டைக் கடந்து நடக்கிறார்கள். ஊர்க்காரர்களுக்கு அது பரம்பு. தாமிரபரணியின் தென்கரையில் 114 ஏக்கருக்கு விரிந்து கிடக்கும் ஆதிச்சநல்லூர் இடுகாடு அதுதான். கண்ணைக் கவரும் நெடுங்கல் எதுவும் அங்கே நிற்கவில்லை. இருப்பதெல்லாம் காலுக்குக் கீழே, தாழிகளில். தொல்லிடங்களைப் படமெடுத்து வைக்கும் வழக்கத்தை எடைபோட வேண்டுமானால், நிற்கும் கல்லுக்கும் புதைந்த தாழிக்கும் உள்ள இந்த வேறுபாட்டிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

அயர்லாந்தின் நியூகிரேஞ்சைப் பாருங்கள். 5,000 ஆண்டு பழமையான கல்லறை மேடு; அதைச் சூழ்ந்து பெரிய கற்கள் வட்டமாக நிற்கின்றன. பெல்ஃபாஸ்ட்காரரான ராபர்ட் வெல்ச் போன்றவர்கள் அந்நாட்டின் தொல்சின்னங்களைக் கண்ணாடி நெகட்டிவ்களில் பதிந்து வைத்தார்கள். 1962 முதல் 1975 வரை மைக்கேல் ஓ'கெல்லி அங்கே அகழாய்வு நடத்தினார். அதையொட்டி மேட்டின் முகப்பு வெள்ளைப் படிகக்கல் சுவராக எழுப்பப்பட்டது. ஆதியில் அப்படித்தான் இருந்ததா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் புல்லும் மரமும் மூடிக் கிடந்த பழைய மேட்டைக் காட்டப் படங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்சிலும் இதே கதைதான். சாய்ந்து நின்ற பெருங்கல் ஒன்றை 1901இல் வில்லியம் கௌலண்ட் நிமிர்த்தினார்; அதற்கு முன் அது எப்படிச் சாய்ந்திருந்தது என்பதற்குப் பழைய படங்கள் சாட்சி. கல்வட்டத்தைப் படமெடுக்க ஒரு பிடி மண்ணைக்கூட அள்ள வேண்டியதில்லை. நூறு ஆண்டு கழித்து இன்னொருவர் அதே இடத்தில் நின்று மறுபடியும் எடுத்து ஒப்பிடலாம். படம் தவறினால் கல் திருத்தும்.

தாழிக்காட்டில் அந்த வசதி இல்லை. படமெடுக்கத் தாழி தெரிய வேண்டும். தெரிய வேண்டுமானால் தோண்ட வேண்டும். தோண்டி எடுத்துவிட்டால் கிடந்த நிலை போய்விடுகிறது. அந்த நேரத்தில் எடுக்காத படத்தை இனி யாராலும் எடுக்க முடியாது.

1876இல் ஜெர்மானியரான யாகோர் இங்கே தோண்டிப் பொருள்களை பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை தொல்லியல் துறையின் அலெக்சாண்டர் ரீ தோண்டியதுதான் பெரிய அளவிலான வேலை. அவருடைய பொருள் பட்டியல் 1915இல் சென்னையில் அச்சானது. ஆதிச்சநல்லூரோடு, அச்சிறுபாக்கத்துக்கு அருகில் உள்ள பெரும்பேரின் ஈமச்சின்னங்களும் அதே நூலில் இடம்பெற்றன. பெரும்பேரில் கல்வட்டங்கள் உண்டு. அதனால் அங்கே நிலமே ஓரளவு பேசும். ஆதிச்சநல்லூரில் ரீ தோண்டிய குழிகளுக்கோ அறிக்கையும் படமும்தான் வாய்.

ரீயின் நூலில் உள்ள படத்தட்டுகளின் பயனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். விலங்குருவம் கொண்ட வெண்கல மூடிகளும், பொன் தகட்டு நெற்றிப்பட்டங்களும், இரும்பு வாள்களும் வேல்களும் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போக முடியாதவர்கள் கையிலும் சேர்ந்தது அச்சுப் படத்தால்தான். இரும்பு துருவேறி உதிர்ந்துகொண்டே போகும். எடுத்த காலத்து உருவம் படத்தில் நிற்கும். 2022இல் மறுபடி ஒரு பொன் நெற்றிப்பட்டம் கிடைத்தபோது, அதை ஒப்பிட்டுப் பார்க்க ரீயின் பதிவு தயாராக இருந்தது.

ஆனால் அந்தப் பட்டியல் பொருள்களைப் பொன், வெண்கலம், இரும்பு, மண்கலம் என்று பிரித்து வைக்கிறது. பாகம் பிரித்த வீட்டின் பாத்திரங்களை உலோகவாரியாகத் திண்ணையில் அடுக்கினால், அடுப்படியில் எது எதன் பக்கத்தில் இருந்தது என்று யார் சொல்வது? எந்தத் தாழியில் எந்த வாள், யாருடைய எலும்போடு, எவ்வளவு ஆழத்தில் என்பதே ஒரு சமூகத்தைப் பற்றிச் சொல்லக்கூடிய செய்தி. அழகான வரிசைப் படம் அதைத்தான் விட்டுவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு சிவப்பு மண்கலத்தின் நிறமும் போய்விடுகிறது.

மண்டையோடுகளின் கதை இன்னும் கசப்பானது. முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் படமெடுத்து, அளந்து, இனம் பிரிப்பது அக்காலத்து வழக்கம். ஆதிச்சநல்லூர் மண்டையோடுகளும் அந்த வழக்கத்துக்கு உட்பட்டன. 1930இல் சுக்கர்மன் எழுதிய ஆய்வு வரை அது நீண்டது. இறந்தவரை வழியனுப்பிய முறையைச் சொல்ல வேண்டிய எலும்பு, இன அட்டவணையின் ஒரு வரிக்குள் அடங்கிப்போனது. தாழியைத் தூக்கிய கூலியாட்களின் பெயர்களும் நமக்கு வந்துசேரவில்லை.

2004–05இல் தொல்லியலாளர் சத்தியமூர்த்தி தலைமையில் நடந்த அகழாய்வு இந்தக் குறைகளில் பலவற்றைத் தீர்த்தது. நூற்றைம்பதுக்கு மேற்பட்ட தாழிகள், நெருக்கியடித்துக் கிடந்தபடியே வண்ணத்தில் பதிவாயின. ஆனாலும் பத்தாண்டு கடந்தும் முழு அறிக்கை வரவில்லை. கி.மு. 905, கி.மு. 696 என்ற காலக் கணிப்புகூட 2019இல் நீதிமன்ற வழக்கின் வழியாகத்தான் மக்களுக்குத் தெரிந்தது. அறிக்கை வராமல் படம் மட்டும் உலவும் காலத்தில், அதன் கீழே யாரும் எதையும் எழுதலாம். அளவுகோலை வெட்டிவிட்டு, ஆண்டையும் குழி எண்ணையும் நீக்கிவிட்டு மறுபதிப்பாகும் தாழிப் படங்களைப் பார்க்கும்போது எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. ரீ விட்ட குறைக்குக் காலத்தைக் காரணம் சொல்லலாம். நாம் விடுவதற்கு என்ன சொல்வது?

2021இல் தொடங்கிய புதிய அகழாய்வின் பயனாக, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே விட்டு மேலே கண்ணாடி அமைத்துக் காட்சிப்படுத்தியிருக்கிறார்கள். 2023 முதல் மக்கள் அதைப் பார்க்கிறார்கள். நான் பெரிதும் மதிக்கும் மாற்றம் இது. கல்வட்டத்துக்கு மட்டுமே இருந்த வாய்ப்பு இங்கே முதன்முறையாகத் தாழிக்கும் கிடைத்திருக்கிறது: திரும்பி வந்து, அதே கோணத்தில் மறுபடியும் படமெடுத்து, முந்தையதோடு ஒப்பிடலாம். அந்தக் கண்ணாடிக்குப் பக்கத்தில் ரீயின் படத்தட்டுகள், தோண்டிய இடம் தெரிந்தவரை குறிக்கப்பட்ட வரைபடத்தோடு தொங்க வேண்டும். தொல்லியல் துறையின் பழைய படத் தொகுப்புகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. அவற்றில் தென்மாவட்டங்களைச் சேர்ந்தவற்றின் நல்ல பிரதிகள் இங்கே வர வேண்டும்.

பரம்பில் இன்னும் மண்வெட்டி படாத நிலம் நிறைய இருக்கிறது. அதையும் கட்டம் கட்டமாக, மேலிருந்தும் தரையிலிருந்தும், அளவுகோலும் தேதியும் போட்டு இப்போதே எடுத்துவைக்க வேண்டும். பொன்னும் வெண்கலமும் இல்லாத வெறும் சரளைப் படங்களாகத்தான் அவை இருக்கும். நாளைக்கு அங்கே குழி போடுகிறவருக்கு முதலில் தேவைப்படுவதும் அவைதான்.