தொப்பி கேட்கிறதா?

மார்கழியில் சபா சபாவாக ஏறி இறங்குகிறவர்கள்கூட மறந்துவிடும் விஷயம் ஒன்று உண்டு. அங்கே காதில் விழுவது மிருதங்கம் மட்டுமல்ல. மைக்கும் ஸ்பீக்கரும் சேர்ந்து சொல்லும் மிருதங்கம். அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் பார்க்கப் போனால், ஒரு பெட்டியை இன்னொரு பெட்டியோடு ஒப்பிட்டுவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

ஆகவே கடைக்குப் போகுமுன், மயிலாப்பூரில் யார் வீட்டுக் கூடத்திலாவது மைக் இல்லாமல் கச்சேரி நடந்தால் போய் நான்கடி தள்ளி உட்காருங்கள். மிருதங்கத்தின் இடப்பக்கமான, ரவைப் பசை அப்பிய தொப்பியின் அடி, காதுக்கு மட்டுமல்ல, நெஞ்சுக்கும் எட்டும். உள்ளங்கை அழுந்தி நகரும்போது எழும் கும்கி, வழுக்கிக்கொண்டு மேலேறும். வலப்பக்கமான வலந்தலையோ சுருதியோடு சேர்ந்து பாடும். பெரும்பாலான தோல் கருவிகளில் கிடைக்காத அந்த இசைவு, நடுவிலுள்ள கருப்புப் பூச்சால் வருகிறது என்பதை சி.வி.ராமன் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தம்புராவில் ஜீவாளி நூலைச் சரியான இடத்துக்கு நகர்த்தியதும் தந்தி ரீங்கரிக்கத் தொடங்குமே, அதையும் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்கள் பரிசோதனைக்கூடம் இதுதான்.

இனி கடை. ஆழமான பேஸ், சின்னப் பெட்டி, குறைந்த சக்தியிலேயே உரத்த ஒலி: மூன்றும் ஒரே ஸ்பீக்கரில் அமையாது, இரண்டைத்தான் எடுத்துக்கொள்ளலாம். ஹாஃப்மனின் இரும்பு விதி என்று இதற்குப் பெயர். கேஎல்ஹெச் ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் உள்ள 'ஹெச்' அவர்தான். பிரோஷரில் எந்த வார்த்தை இருந்தாலும் இந்த விதி தளராது.

எதை விடுவது என்பதில்தான் ரசனை தெரியும். 1970களில் பிபிசி தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்எஸ்3/5ஏ ஸ்பீக்கர் ஓரடி உயரம்தான். மனிதக் குரல் அதில் அத்தனை இயல்பு. ஆனால் அடி ஆழம் கிடையாது; பேஸுக்குச் சற்று மேலே லேசாகத் தூக்கிவிட்டு, இருப்பதுபோல் நம்பவைக்கும். சின்ன ஏமாற்றுதான், எனக்கு அதில் வருத்தமில்லை. சத்தமும் குறைவு: 3 டெசிபல் கூட்ட வேண்டுமென்றால் ஆம்ப்ளிஃபயர் இரு மடங்கு சக்தி கொடுக்க வேண்டும்.

டெமோவுக்குக் கடைக்காரர் போடும் பளபளப்பான ரெக்கார்டிங்கை மரியாதையாக ஒதுக்கிவிட்டு, பாடகர் எம்.டி.ராமநாதனைப் போடச் சொல்லுங்கள். அடையாறு கலாக்ஷேத்ராவோடு வாழ்ந்த அந்த மந்த்ர ஸ்தாயிக் குரல், மெலிந்த ஸ்பீக்கரில் நெஞ்சில்லாமல் தொண்டையில் மட்டும் வரும். துல்லியம் பேசும் ஸ்பீக்கரிலோ வேறு சங்கடம்: பழைய டேப்பின் இரைச்சலும் முன்வரிசைக்கு வந்து உட்கார்ந்துவிடும். உங்கள் அலமாரியில் இருப்பது பழைய கச்சேரிப் பதிவுகளா, புதிய ஸ்டுடியோ ஆல்பங்களா? அதற்கேற்பத்தான் முடிவு. இன்னொன்று, இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே ஒலியளவில் ஒப்பிடுங்கள். சற்று உரக்கப் பேசுவதைக் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும்.

அறையும் வாசிக்கும். டி.நகர் ஃபிளாட்டின் டைல்ஸ் தரையும் கண்ணாடி ஜன்னலும் ட்வீட்டரின் ஒலியைத் திருப்பித் திருப்பி எறியும். ஒரு ஜமுக்காளமும் கனத்த திரையும் போட்டால் பாதி அடங்கும். சுவரோடு ஒட்டிவைத்தால் பேஸ் வீங்கும். கொஞ்சம் இழுத்து வையுங்கள். மே மாதம் ஃபேன் ஐந்தில் ஓடும்போது, தம்புராவின் ரீங்காரத்துக்காகக் கொடுத்த பணம் ஃபேனோடு சுற்றிக்கொண்டிருக்கும்.

நான் ஆள் உயரப் பெட்டி ஒன்றை ஒரு வாரம் கேட்டுப் பார்க்கக் கொண்டுவந்தேன். தொப்பி அற்புதம். ஒவ்வொரு அடிக்கும் இரும்பு பீரோவின் கைப்பிடியும் கூடவே தாளம் போட்டது. சின்னப் பெட்டியையே வாங்கினேன். இப்போது குரல் இருக்கிறது, வீணை இருக்கிறது. தொப்பிக்கு மட்டும் மயிலாப்பூர் போய்வருகிறேன்.