வாசிப்புத் தடையும் தனிப்பள்ளியும்

1896-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், பிரிங்கிள் மார்கன் என்னும் ஆங்கில வைத்தியர் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். கண்பார்வையில் யாதொரு பழுதும் இன்றி, விளையாட்டில் துடிப்பும் கணக்கில் தேர்ச்சியும் உடையவனாக இருந்த பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவன், ஏழு வயது முதல் பள்ளியிலும் தனி ஆசிரியர்களிடமும் பயின்று வந்தபோதிலும், மிக எளிய சொற்களைக்கூட வாசிக்க மாட்டாமல் திணறினான் என்பதும், பாடங்களையெல்லாம் வாய்மொழியாகவே நடத்தினால் பள்ளியிலேயே அவனைப் போலக் கெட்டிக்காரன் வேறொருவன் இருக்க மாட்டான் என்று அவனுடைய உபாத்தியாயர் ஒருவர் கருதினார் என்பதும் அக்குறிப்பின் சாரம். அந்த உபாத்தியாயர் வைத்திய சாஸ்திரம் அறிந்தவரல்லர். ஆயினும் பையனுடைய புத்தி ஓரிடத்திலும், அதைப் பள்ளி தேடும் வழி வேறோரிடத்திலும் இருப்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார். இத்தகைய குழந்தைகளுக்கென்று தனிப் பள்ளிக்கூடம் அமைக்கும் வழக்கம், அந்த இடைவெளியை நிரப்பும் பிரயத்தனமாகவே பிற்காலத்தில் தோன்றியது. அவ்வழக்கத்தின் குணத்தையும் குற்றத்தையும் நாடி, அவற்றுள் மிகையானது எது என்று துணிவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிஸ்லெக்ஸியா என்று இன்று வழங்கும் இந்த நிலை சோம்பலால் வருவதன்று, மந்தபுத்தியால் வருவதன்று, பெற்றோரின் அசிரத்தையால் வருவதும் அன்று. பேச்சில் ஒன்றோடொன்று இழைந்து ஓடும் ஒலிகளைத் தனித்தனியே பிரித்தறிந்து, அவற்றை எழுத்தோடு விரைந்து பொருத்தும் ஆற்றல் சிலருக்குப் பிறவியிலேயே வேறு விதமாக அமைந்திருப்பதால் நேர்வது இது. பெரும்பாலும் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்வது. எழுத்துக்கள் கண்ணுக்கு இடம்வலம் மாறித் தெரிவதே இதற்குக் காரணம் என்ற அபிப்பிராயம் இன்னும் மக்களிடையே நிலவினாலும், ஆராய்ச்சி அதை ஆதரிக்கவில்லை. குறை பெரும்பாலும் கண்ணின்பாலதன்று, ஒலியை எழுத்தோடு இணைக்கும் தொழிலின்பாலது. நூற்றில் ஐந்து முதல் பத்துக் குழந்தைகள் வரை ஏதேனும் ஓர் அளவில் இத்தடையால் அல்லலுறுகிறார்கள் என்பது பொதுவாக ஒப்புக்கொள்ளப்படும் மதிப்பு. அப்படியானால் நாற்பது பேர் அமர்ந்திருக்கும் எந்த வகுப்பிலும் இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள்; அவர்களைத்தான் நம் பள்ளிகள் ‘மக்கு’ என்ற ஒரே சொல்லால் பெயரிட்டுக் கடைசி பெஞ்சுக்கு அனுப்பிவிடுகின்றன.

தனிப்பள்ளியின் சரித்திரம் அமெரிக்காவில் தெளிவாகத் துலங்குகிறது. ஐயோவா மாகாணத்தில் பணியாற்றிய ஸாமுவேல் ஆர்ட்டன் என்ற மூளை மருத்துவர் 1925-இல் இக்குழந்தைகளைப் பற்றி எழுதினார். மூளையின் இரு பாதிகளுள் ஒன்று ஆதிக்கம் பெறாததே காரணம் என்ற அவருடைய கொள்கை பிற்காலத்தில் நிலைக்கவில்லையெனினும், கண், காது, கை மூன்றையும் ஒருங்கே ஈடுபடுத்திக் கற்பிக்க வேண்டும் என்ற அவருடைய யோசனை நிலைத்தது. அன்னா கில்லிங்ஹாம், பெஸ்ஸி ஸ்டில்மன் என்னும் இரு ஆசிரியைகள் அந்த யோசனையைப் படிப்படியான பாடமுறையாக வகுத்தளித்தனர். 1926-இல் நியூயார்க் மாகாணத்தில் கௌ பள்ளியும், 1969-இல் கில்டோனன் பள்ளியும், 1971-இல் மாஸச்சூஸெட்ஸில் லாண்ட்மார்க் பள்ளியும் தோன்றின. இங்கிலாந்தில் 1962 முதல் 1972 வரை லண்டனில் இக்குழந்தைகளுக்காக ஒரு மையம் இயங்கியது. 1982-இல் அந்நகரில் ஃபேர்லி ஹவுஸ் பள்ளி தொடங்கப்பட்டது.

இத்தகைய பள்ளியில் ஒரு குழந்தையின் நாள் எவ்வாறு கழிகிறது என்பதை அறியாமல் அதன் தன்மையை மதிப்பிட இயலாது. லாண்ட்மார்க் பள்ளியின் அடிப்படையே, ஒவ்வொரு மாணவனும் நாள்தோறும் ஓர் ஆசிரியருடன் தனியாக அமர்ந்து பாடம் கேட்பதுதான். முன்பு கற்றதை மீட்டுப் பார்ப்பதில் பாடம் தொடங்குகிறது. அட்டையில் எழுதிய எழுத்தைக் கண்டு ஒலியைச் சொல்லுதல், ஒலியைக் கேட்டு எழுத்தை எழுதுதல், மணலிலோ சொரசொரப்பான பரப்பிலோ விரலால் வரைந்துகொண்டே உரக்க உச்சரித்தல், சொல்லை அசை அசையாக உடைத்து மறுபடி சேர்த்தல் என்று பயிற்சி படியேறுகிறது. கற்பிக்கப்படாத ஒலிக்கோலம் எதுவும் வாசிக்கக் கொடுக்கும் பகுதியில் இராதவாறு ஆசிரியர் பார்த்துக்கொள்கிறார். குழந்தை ஊகித்து வாசிக்க நேராதபடி பாதையை அமைப்பதே இதன் உட்பொருள். அதே சமயத்தில் சரித்திரமும் விஞ்ஞானமும் செவிவழியாகவும் உரையாடல் வழியாகவும் கற்பிக்கப்படுவதால், வாசிப்புத் தேறும் வரையில் அறிவு காத்திருக்க வேண்டிய நிர்ப்பந்தம் ஏற்படுவதில்லை.

இம்முறையின் முதற் சிறப்பு அதன் ஒழுங்கு. சாதாரணக் குழந்தைகளில் பலர், ஆசிரியர் எப்படிக் கற்பித்தாலும் எழுத்தின் விதிகளைத் தாமாகவே உய்த்துணர்ந்து வாசித்துவிடுகிறார்கள்; ஆகையால் கற்பிக்கும் முறையில் உள்ள ஓட்டைகள் வெளிக்குத் தெரிவதில்லை. வாசிப்புத் தடையுள்ள குழந்தையோ, சொல்லிக்கொடுக்காத எதையும் எடுத்துக்கொள்ள மாட்டாதவனாக இருப்பதனால், ஆசிரியரை ஒவ்வொரு படியையும் வெளிப்படையாக வகுத்துக் காட்டும்படி செய்கிறான். இரண்டாவது சிறப்பு, அவமானத்திலிருந்து கிடைக்கும் விடுதலை. வகுப்பின் நடுவே எழுந்து நின்று உரக்க வாசிக்கும்படி ஏவப்பட்டு, தடுமாறி, நகைப்புக்கு ஆளான அநுபவம் வருஷக்கணக்கில் குவிந்த குழந்தை, வாசிப்பை மட்டுமின்றித் தன்னையே வெறுக்கப் பழகிவிடுகிறது. தன்னைப் போன்றவர்களே சுற்றிலும் இருக்கக் காணும்போது, தான் விலக்கானவன் அல்லன் என்ற உணர்வு அதற்கு முதன்முதலாகப் பிறக்கிறது. அந்த உணர்வில்லாமல் எந்தப் பயிற்சியும் உள்ளே இறங்குவதில்லை.

தனிப்பள்ளி கொடுக்கக்கூடிய பலனுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே ஒரு சாட்சியம் தந்திருக்கிறது. தென் கரோலினாவின் புளோரன்ஸ் வட்டாரப் பள்ளி நிர்வாகம், உயர்நிலைப் பள்ளியில் படித்த ஒரு மாணவிக்கு வகுத்த திட்டத்தில், ஓர் ஆண்டு முழுவதிலும் நான்கு மாத அளவு வாசிப்பு முன்னேற்றத்தையே இலக்காகக் குறித்தது. பெற்றோர் அதை ஏற்காமல், 1985-இல் அவளைக் கற்றல் குறைபாடுள்ள குழந்தைகளுக்கான டிரைடன்ட் அகாடமியில் சொந்தச் செலவில் சேர்த்தனர். 1988-இல் அவள் படிப்பை முடித்தபோது வாசித்துப் பொருளுணரும் திறன் மூன்று வகுப்பு அளவு உயர்ந்திருந்தது. அந்தச் செலவை நிர்வாகமே திருப்பித் தர வேண்டும் என்று 1993-இல் நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தனர். குழந்தையிடம் எவ்வளவு எதிர்பார்க்கிறோம் என்பதே எவ்வளவு கற்பிக்கிறோம் என்பதையும் நிர்ணயிக்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் வேண்டியதில்லை.

எனினும் இவ்வழக்கே தனிப்பள்ளியின் முதற் குற்றத்தையும் வெளிப்படுத்துகிறது. முதலில் கட்டணத்தைச் செலுத்தவும், பிறகு எட்டாண்டுக் காலம் நீதிக்காகக் காத்திருக்கவும் வல்ல பெற்றோர் எத்தனை பேர்? நாள்தோறும் ஒரு மாணவனுக்கு ஓர் ஆசிரியர் என்ற ஏற்பாடு இயல்பாகவே பெருஞ்செலவுடையது. ஆகையால் அது பெரும்பாலும் வசதி படைத்தோரின் குழந்தைகளுக்கே எட்டுகிறது. வாசிப்புத் தடை செல்வரென்றும் வறியவரென்றும் பார்ப்பதில்லை, பரிகாரம்தான் பார்க்கிறது. பெருஞ்செலவில் நடக்கும் ஸ்தாபனங்களுக்கு நிலைபேறும் உறுதியில்லை: ஐம்பதாண்டு நடந்த கில்டோனன் பள்ளி 2019-இல் மூடப்பட்டுவிட்டது.

இரண்டாவது குற்றம், நிரூபணத்தைப் பற்றியது. எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிப்பது பலனளிக்கும் என்பது உறுதி. அமெரிக்காவின் தேசிய வாசிப்புக் குழு 2000-ஆம் ஆண்டு அறிக்கையில் அதை வற்புறுத்தியுள்ளது. ஆனால் தனிப்பள்ளிகள் தங்கள் பெயரோடு சேர்த்துக் கொண்டாடும் ஆர்ட்டன்–கில்லிங்ஹாம் முறையைப் பற்றிய ஆய்வுகளை 2021-இல் அறிஞர்கள் ஒருங்கே நிறுத்துப் பார்த்தபோது, பலன் நல்ல திசையிலேயே இருந்தாலும், தற்செயலன்று என்று துணிந்து சொல்லும் அளவுக்கு அது வலுப்பெறவில்லை. மணலும் அட்டையும் மந்திரமல்ல என்பதையே இது காட்டுகிறது. தெளிவான வரிசை, போதிய நேரம், பயிற்சி பெற்ற ஆசிரியர், திரும்பத் திரும்பச் செய்யும் பொறுமை ஆகியவையே பயன் விளைப்பவை. அவற்றுள் ஒன்றேனும் தனிக்கட்டடத்தில்தான் இருக்க முடியும் என்ற நியதி கிடையாது.

மூன்றாவது குற்றம், பிரித்துவைப்பதால் நேர்வது. தன் தெருவின் குழந்தைகளையும் உடன்பிறந்தாரின் பள்ளியையும் விட்டு விலகி வளரும் குழந்தை, பாதுகாப்பைப் பெறும் அதே வேளையில் ஓர் அடையாளத்தையும் சுமக்கத் தொடங்குகிறது. இந்த ஆபத்தை உணர்ந்த பள்ளிகள் உண்டு. ஃபேர்லி ஹவுஸ் போன்றவை, சில ஆண்டுகள் பயிற்சி தந்து குழந்தையைப் பொதுப்பள்ளிக்கே திருப்பி அனுப்புவதை நோக்கமாகக் கொண்டுள்ளன. 1991-இல் தொடங்கிய மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அஸோஸியேஷன் சென்னையில் நடத்தும் அநன்யா மையமும் இந்தக் கொள்கையையே மேற்கொண்டிருக்கிறது. நாற்றங்கால் நடவுக்காகவே ஏற்பட்டது. நாற்று அங்கேயே கதிர்விட வேண்டும் என்று யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நடவேண்டிய வயல் பண்படாமல் கிடந்தால் என்ன செய்வது? திரும்பி வரும் குழந்தை, அதே விரைவையும் அதே ஏளனத்தையும் அதே கரும்பலகை நகலெழுத்தையும் மீண்டும் எதிர்கொள்ள நேர்ந்தால், இரண்டாண்டு உழைப்பு ஒரு பருவத்தில் வாடிவிடும். ஆகவே தனிப்பள்ளியின் வெற்றி அதன் வாசலுக்குள் தீர்மானிக்கப்படுவதில்லை. குழந்தை திரும்பிச் செல்லும் பள்ளியில் தீர்மானிக்கப்படுகிறது.

நம் நாட்டில் இந்தப் பிரச்சினை இன்னொரு வடிவமும் கொள்கிறது. 1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் கற்றல் குறைபாட்டைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது. பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு முதலிய சலுகைகள் அளிக்கப்படுகின்றன. அவை அவசியமானவை, அவற்றைக் குறை கூறுவது கொடுமை. எனினும் பத்தாம் வகுப்பில் மொழிப்பாடத்திலிருந்து விலக்குத் தருகிற ஏற்பாடு, இரண்டாம் வகுப்பில் அந்த மொழியை வாசிக்கக் கற்பித்திருக்க வேண்டிய கடமைக்கு ஈடாகிவிடாது. தடை பெரும்பாலும் ஒன்பது, பத்து வயதில், தோல்விகள் அடுக்கடுக்காகச் சேர்ந்த பின்னரே கண்டறியப்படுகிறது. தனிப்பள்ளியோ அந்தத் தாமதத்தைத் திருத்தாமல், தாமதித்து வருபவர்களை ஏற்றுக்கொள்வதோடு நின்றுவிடுகிறது.

தமிழ்வழியில் படிக்கும் குழந்தையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. பயிற்சி நூல்களும் சோதனைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தை ஒட்டியே பிறந்தவை. மானேஸரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் உருவாக்கிய பரிசோதனைக் கருவிகூட முதலில் ஹிந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலேயே வெளிவந்தது. எழுத்தும் ஒலியும் நெருங்கி இயைந்த மொழிகளில் இத்தடை பிழையாக வெளிப்படுவதைவிட, தயக்கமாகவும் மந்த கதியாகவும் வெளிப்படும். ஆங்கிலம், பிரெஞ்சு, இத்தாலியம் மூன்றையும் ஒப்பிட்டு 2001-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், இத்தடையுள்ள இத்தாலியர் மற்றவர்களைவிடப் பிழையின்றி வாசித்தபோதிலும், மூளையில் காணப்பட்ட வேறுபாடு மூன்று மொழியினரிடத்திலும் ஒன்றாகவே இருந்தது. தமிழ்க் குழந்தைக்கு 247 எழுத்துக்களின் சுமை உண்டு. ‘கெ’, ‘கே’, ‘கை’ ஆகியவற்றில் பின்னே ஒலிக்கும் உயிரின் குறி முன்னே நிற்கிறது. ‘கொ’, ‘கோ’ ஆகியவற்றிலோ மெய்யின் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. லகர, ளகர, ழகரங்கள் பலருடைய நாவில் ஒன்றாகிவிட்டன. வீட்டுப் பேச்சுக்கும் புத்தக நடைக்கும் உள்ள தூரமோ பெரிது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு ஏற்ற எழுத்துச் சீர்திருத்தம் ‘ணா’, ‘றா’, ‘னா’ முதலியவற்றின் தனி வடிவங்களை நீக்கிப் பொதுக்குறிக்குள் கொண்டுவந்ததை நோக்கினால், கற்பவனுடைய சுமையை எழுத்தின் வடிவமே கூட்டவும் குறைக்கவும் வல்லது என்பது விளங்கும். இவற்றையெல்லாம் வரிசைப்படுத்திய தமிழுக்கே உரிய பாடமுறை ஒவ்வொரு தொடக்கப் பள்ளிக்கும் எட்டாத வரையில், ஆங்கிலத்துக்காக வகுத்த பயிற்சியை நகல்செய்யும் தனிப்பள்ளியால் பெருவாரியான தமிழ்க் குழந்தைகளுக்குப் பிரயோஜனம் இல்லை.

குணமும் குற்றமும் நாடியபின் துணிந்து சொல்லத்தக்கது இது: வாசிப்புத் தடை மிகக் கடுமையாக உள்ள குழந்தைகளுக்கும், பொதுப்பள்ளியில் மனம் உடைந்துபோன குழந்தைகளுக்கும் தனிப்பள்ளி அவசியம், அதை மூடிவிட வேண்டும் என்று வாதிப்பவர்கள், அது இல்லாவிட்டால் அக்குழந்தைகள் எங்கே போவார்கள் என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். ஆனால் அது சில ஆண்டுத் தங்குமிடமாகவும், ஆசிரியர்களைப் பயிற்றும் களமாகவும் இருக்க வேண்டுமேயன்றி, முடிவான பரிகாரமாகக் கருதப்படலாகாது. ஒவ்வோர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலும் எழுத்தையும் ஒலியையும் முறையாக இணைத்துக் கற்பிக்கும் கலை கட்டாயப் பாடமாக வேண்டும். முதல் இரண்டு வகுப்புகளிலேயே திணறும் குழந்தையைக் கண்டறிந்து, அதே பள்ளியில் நாள்தோறும் தனிநேரம் ஒதுக்கிக் கற்பிக்க வேண்டும். அதற்கு வேண்டிய தமிழ்ப் பாடநூல்களை அரசு தன் செலவில் உருவாக்கித் தர வேண்டும். பெற்றோரும் உபாத்தியாயர்களும், வாசிக்கத் திணறும் குழந்தையை இன்றுமுதல் ‘மக்கு’ என்று அழைக்காதிருப்பார்களாக. அதற்கு எந்தச் சட்டமும் எந்த நிதியும் தேவையில்லை.