வெயிலைச் சலித்த தச்சர்கள்

கியூபாவின் பழைய ஹவானாவுக்குப் போய் வந்தவர்கள் காட்டும் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். 1950களின் அமெரிக்கக் கார்கள், சாயம் உரிந்த சுவர்கள், பால்கனியில் காயும் துணிகள். அவற்றில் அழகில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஊரின் ஆகச் சிறந்த கைவேலை தெருவில் நிற்பவர் கண்ணில் படாது. மாடிக் கதவுகளின் தலைக்கு மேலே அரைவட்டமாக ஒரு வளைவு இருக்கும். அதில் கண்ணாடி பதித்திருப்பார்கள். பகலில் வெளியிலிருந்து பார்த்தால் அது தூசி படிந்த கறுப்புத் திட்டு, அவ்வளவுதான். படியேறி உள்ளே போய், கதவைச் சாத்தச் சொல்லி, தெருப்பக்கம் திரும்பி நின்றால் சிவப்பும் நீலமும் மஞ்சளுமாக அது எரிகிறது. 'மெதியோபுந்தோ' என்று அதற்குப் பெயர். காசு கொடுத்தவனே உள்ளே உட்கார்ந்து அனுபவிப்பதற்காகச் செய்த வேலை. ஊருக்குக் காட்ட அல்ல.

அலங்காரம் என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஹவானா கடகரேகைக்குச் சற்றே தெற்கில் இருக்கிறது. ஜூன் மாத நண்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். வெப்பம் மேலே எழும்பிப் போகட்டும் என்று கூரையை உயர்த்திக் கட்டினார்கள். கூரைக்கேற்பக் கதவும் உயர்ந்தது. வெயில் நேரத்தில் கதவைச் சாத்தினால் அறை குளிரும், ஆனால் இருண்டுவிடும். வளைவில் வெறும் கண்ணாடி வைத்தால் வெளிச்சம் வரும், கூடவே கண் கூசும். இந்த இக்கட்டுக்குத் தச்சர்கள் கண்ட வழிதான் நிறக்கண்ணாடி. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டி, 19ஆம் நூற்றாண்டு முழுவதும் செழித்தது அந்த வேலை.

தச்சர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன். ஐரோப்பியத் தேவாலயங்களின் வண்ணக் கண்ணாடியை ஈயப் பட்டைகள் பிடித்து நிறுத்தும். ஈயம் வளையும், அதனால் புனிதர்களின் முகம், விரல், அங்கியின் மடிப்பு எல்லாவற்றையும் துண்டுதுண்டாக வெட்டிச் சேர்க்கலாம். ஹவானாவின் பழைய வேலையில் ஈயத்துக்குப் பதில் மரம். மரச்சட்டத்தில் காடி எடுத்து, அதற்குள் கண்ணாடித் துண்டைச் செருகி, அடுத்த சட்டத்தைப் பொருத்தி முடிப்பார்கள். மரம் ஈயத்தைப் போல நெகிழ்ந்து கொடுக்காது. ஆகவே முகமில்லை, கதையில்லை, வேதாகமமில்லை. வளைவின் அடிமையத்திலிருந்து விரியும் இதழ்கள், கதிர்கள், ஒன்றை ஒன்று சூழும் அரைவட்டங்கள். கண்ணாடியோ கப்பலில் ஐரோப்பாவிலிருந்து வந்தாக வேண்டும். அதனால் நிறங்களும் சில மட்டுமே. இந்தக் கையிருப்புக்குள் நின்று செய்த வேலை என்பதால்தான் அதில் இத்தனை துணிவு இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஈயப்பட்டையும் கொடியும் பூவும் ஹவானாவுக்கு வந்து சேர்ந்தன. நேர்த்தியானவைதான். எனக்கு அவற்றில் மனம் ஒட்டவில்லை.

நல்ல மெதியோபுந்தோவை எப்படி இனம் காண்பது? நான் முதலில் மரத்தைப் பார்ப்பேன், பிறகுதான் கண்ணாடியை. வெளிச்சத்துக்கு எதிரில் மரச்சட்டம் கறுங்கோடாகிவிடும். அந்தக் கோடுகள் மையத்தை நெருங்க நெருங்க நெரிசலாகாமல் சேர வேண்டும். அடுத்தது நிறம். தேர்ந்த கை எல்லா இதழுக்கும் வண்ணம் கொடுக்காது. நடுவே நிறமற்றதோ பால்வெள்ளையோ ஒன்றிரண்டை விட்டுவைக்கும். அவை இல்லாவிட்டால் சிவப்பு வெறும் சிவப்பாகவே நின்றுவிடும். மூன்றாவது, தரை. பளிங்குத் தரையில் விழும் நிறத்துண்டுகள் பொழுது போகப் போக நகர்ந்து, நாற்காலிக் காலைத் தொட்டு, சுவரேறும். கிழக்குப் பார்த்த அறைக்குக் காலையிலும் மேற்குப் பார்த்த அறைக்கு மாலையிலும் போக வேண்டும். நண்பகலில் எங்கே போனாலும் வீண்.

பிளாசா பியேஹா சதுக்கத்தில் ஹாருக்கோ பிரபுவின் மாளிகை இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் கட்டியது. சதுக்கத்தைப் பார்த்த அதன் மேல்தளத்துக் கண்ணாடி வளைவுகள் ஊரிலேயே பேர்பெற்றவை. பேராலயச் சதுக்கத்தில், 1720இல் எழுந்த வீடொன்றில் காலனியக் கலை அருங்காட்சியகம் நடக்கிறது. கண்ணாடி வளைவுகளையும் கதவுகளையும் அங்கே பார்க்கலாம். வேலைப்பாட்டைக் கற்க அருங்காட்சியகம், அனுபவிக்க மாளிகை.

கண்ணாடி வளைவுகளின் கறுங்கோடுகளை ஓவியர் அமேலியா பெலாயேஸ் (1896–1968) விட்டுவைக்கவில்லை. பாரிசில் படித்து 1934இல் ஊர் திரும்பியவர், பழங்களையும் மேசைகளையும் தடித்த கறுப்புக் கோடுகளால் கட்டி, இடைவெளிகளில் தட்டை நிறம் நிரப்பினார். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு மெதியோபுந்தோவுக்கு வந்தால் எது எதைப் பார்த்து வரையப்பட்டது என்ற மயக்கம் வருகிறது. எழுத்தாளர் அலெஹோ கார்பெந்தியேர் ஹவானாவைத் தூண்களின் நகரமாகக் கண்டு ஒரு கட்டுரை எழுதினார்; அதிலும் இந்தக் கண்ணாடிக்கு இடமுண்டு. தூண்களை நானும் மதிக்கிறேன். ஆனால் தூண் எந்த ஊரிலும் தூண்தான்.

கண்ணாடி, வெயிலை வடிகட்டும் ஏற்பாட்டின் ஒரு படி மட்டுமே. தெருவிலிருந்து உள்முற்றம் வரை வெயிலைப் பல சல்லடைகளில் சலித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். முதலில் தூண்கள் தாங்கும் நிழல்தாழ்வாரம். பிறகு சாய்வுப் பலகைகள் அடுக்கிய கதவு, 'பெர்சியானா'. காற்று வரும், வெயில் வராது. அதையும் தாண்டினால் அறைகளுக்கு நடுவே ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலான 'மம்பாரா' என்ற இரட்டைக் கதவு. அதற்கு மேலே வெறும் வெளி. பக்கத்து அறையில் இருப்பவர் தெரியமாட்டார், பேச்சு மட்டும் மிதந்து வரும். அந்த வீடுகளில் ரகசியம் எப்படித் தங்கியது என்பது வேறு விஷயம். அண்டை வீட்டாரின் பால்கனிக்கும் தன்னுடையதற்கும் நடுவே விசிறி வடிவில் முள்முனை வைத்த இரும்புக் கம்பி வேலை செய்து வைத்திருக்கிறார்கள். காற்றைப் பகிரலாம், பால்கனியைப் பகிர முடியாது.

இவ்வளவு தேர்ந்த மரவேலைக்காரர்கள் எங்கிருந்து வந்தார்கள்? துறைமுகத்தைப் பார்த்தால் பாதி விடை கிடைக்கும். ஸ்பானிய அரசின் பெரிய கப்பல்தளம் ஒன்று இங்கே இருந்தது. 1805இல் டிரபால்கரில் போரிட்ட 'சாந்திசிமா திரினிதாத்' என்ற மாபெரும் போர்க்கப்பல் 1769இல் இங்கேதான் நீரில் இறங்கியது. கப்பலுக்கு மரம் வளைத்த கைகளே வீட்டுக் கூரைகளையும் கோத்தன என்று ஊரில் சொல்வார்கள். 17ஆம் நூற்றாண்டின் சாந்தா கிளாரா கன்னிமாடத்து மரக்கூரையை அண்ணாந்து பார்த்தால் அதை நம்பத்தான் தோன்றும்: கவிழ்த்துவைத்த கப்பலின் உட்புறம்.

விடையின் மறுபாதி அத்தனை இனிமையானதல்ல. மாளிகைகளுக்குப் பணம் சர்க்கரையிலிருந்து வந்தது, சர்க்கரை அடிமைகளிடமிருந்து. கியூபாவில் அடிமைமுறை 1886வரை நீடித்தது. கைத்தொழில்களிலோ அடிமைகளல்லாத கறுப்பினத்தவரும் கலப்பினத்தவரும் ஏராளம். அவர்களில் ஒருவர் ஹோசே அந்தோனியோ அப்போந்தே, தச்சர், மரச்சிற்பி. அடிமைமுறையை எதிர்த்துக் கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று பிடித்து, 1812 ஏப்ரலில் தூக்கிலிட்டு, தலையை இரும்புக் கூண்டில் வைத்தார்கள். அவர் தயாரித்த படப்புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்துக்கும் பொருள் கேட்டு விசாரணை நடந்தது. புத்தகம் தொலைந்துபோயிற்று. அதிகாரிகள் எழுதிவைத்த கேள்வி பதில்கள் மட்டும் மிஞ்சின. ஹவானாவின் கண்ணாடி வளைவுகளில் செய்தவர் பெயர் கிடையாது. பெயர் தெரிந்த தச்சரின் படைப்போ கிடையாது. இதைத் தெரிந்துகொண்ட பிறகும் அந்த நிறங்களை என்னால் ரசிக்க முடிகிறது. ஆனால் 'பிரபுவின் மாளிகை' என்று வழிகாட்டி சொல்லும்போது, பிரபு ஒரு சட்டத்தையாவது இழைத்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது.

கல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1777இல் முடிந்த பேராலயத்தின் முகப்புக் கல்லை நெருங்கிப் பார்த்தால் பவளமும் சிப்பியும் உறைந்திருக்கும். இரு கோபுரங்களில் ஒன்று பருமன், மற்றது ஒல்லி. இரண்டும் ஒரே அளவாக இருந்திருந்தால் அந்த முகப்பு இத்தனை உயிரோடு இருந்திருக்காது.

1982இல் பழைய ஹவானா உலக பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நகர வரலாற்றாளராக இருந்த எயூசேபியோ லெயால், 2020இல் இறக்கும்வரை அதன் மீட்புப் பணியை முன்னின்று நடத்தினார். 1952இல் பிளாசா பியேஹாவின் நடுவே கட்டிய நிலத்தடிக் கார் நிறுத்தத்தை 1990களில் அகற்றிச் சதுக்கத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1992இல் தொடங்கிய பயிற்சிப் பட்டறையில் இளைஞர்கள் மரவேலையும் கண்ணாடி வேலையும் இரும்பு வேலையும் படிக்கிறார்கள். அவர்கள் கையில் காடி மறுபடியும் சுத்தமாக விழுகிறது. பூசிய சுவர்கள் சில இடங்களில் கொஞ்சம் அதிகமாகவே பளபளக்கின்றன என்பது என் குறை.

புதுப்பிக்காத தெருக்களில் வேறு கதை. பழைய மாளிகைகளை அறை அறையாகப் பிரித்துப் பல குடும்பங்கள் வாழ்கின்றன. கூரை உயரம் என்பதால் நடுவே பலகையடித்து இன்னொரு தளம் உண்டாக்கிக்கொள்கிறார்கள், 'பார்பகோவா' என்பார்கள். உடைந்த கண்ணாடி இதழுக்கு அட்டையோ தகரமோ அடைப்பு. மீட்பவர்கள் வந்தால் முதலில் போவது அந்தப் பலகைத் தளம். அதோடு அங்கே உறங்கியவர்களுக்கான இடமும். சிலர் நகருக்கு வெளியே அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்திருக்கிறார்கள். வளைவு முழுசாகத் திரும்பிவரும். அதன் கீழே உட்காருவது பெரும்பாலும் என்னைப் போன்ற பயணியாக இருக்கும், காப்பிக்குக் காசு கொடுத்துவிட்டு.